பகுதி சபையில் சொன்ன குறை அடுத்த கூட்டத்துக்குள் எங்கே போய்விடுகிறது?

கேள்வி கேட்டவர்: கீழத்தெருவாசி

அனைவருக்கும் வணக்கம். சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஊராட்சியாக இருந்து, பின்னர் ஒரு மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட பகுதியில் குடியிருக்கிறேன். எங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டம் (வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதி வாக்காளர்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் கூட்டம்) அரசுப் பள்ளி வளாகத்தில் நடக்கிறது. வார்டு உறுப்பினர், உதவிப் பொறியாளர், சுகாதார ஆய்வாளர், சில சமயம் மின்வாரியத்திலிருந்து ஒருவர் என வருகிறார்கள். நாற்பது ஐம்பது பேர் கூடுகிறோம். கூட்டம் நடப்பதே நல்ல செய்திதான் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஊராட்சியாக இருந்தபோது கிராம சபையில் எழுந்து நின்று கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். நகரத்தோடு சேர்ந்த பிறகு கேட்பதற்கு ஓர் இடமே இல்லாமல் பல ஆண்டுகள் கழிந்தன.

சிக்கல் கூட்டம் முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. எங்கள் தெருவில் கட்டிய மழைநீர் வடிகால், தெருமுனையில் பிரதான சாலைக்கு முன்பாகவே நின்றுவிட்டது. அதற்கு அப்பால் ஏரியின் உபரிநீர் வாய்க்கால் வரை இணைப்பு இல்லை. ஐப்பசி மழையில் தண்ணீர் வந்த வழியே திரும்பி வீடுகளுக்குள் ஏறுகிறது. போதாக்குறைக்குச் சிலர் கழிவுநீர்க் குழாயையும் அதில் சேர்த்துவிட்டதால், மழை இல்லாத நாளிலும் துர்நாற்றம். இதை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறோம். சென்ற முறை, பொறியாளர் கூட்ட அழைப்பிதழின் பின்பக்கத்தில் பேனாவால் குறித்துக்கொண்டு, ‘பார்த்துவிடலாம்’ என்றார். அடுத்த கூட்டத்துக்கு வந்தவர் வேறு பொறியாளர். அவரிடம் முந்தைய குறிப்பு எதுவும் இல்லை. மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. தெருவிளக்கு எரியாதது, சந்துக்குள் குப்பை வண்டி வராதது ஆகியவற்றுக்கும் இதே கதிதான்.

நான் தெரிந்துகொள்ள விரும்புவது இவற்றைத்தான். பகுதி சபையில் சொல்லப்படுவதற்குச் சட்டப்படி ஏதேனும் எடை உண்டா? சொன்னதைப் பதிவு செய்ய வேண்டிய பொறுப்பு யாருடையது? எந்த வடிவத்தில் கேட்டால் அது அடுத்த படிக்கு நகரும்? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் எங்கள் தெரு முழுவதுக்கும் உதவியாக இருக்கும்.


பதில்: ஓய்வுபெற்ற நகராட்சிப் பொறியாளர்

அய்யா, உங்கள் மூன்று கோரிக்கைகளும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. அவற்றை ஒரே மூச்சில் சொல்வதால்தான் மூன்றும் ஒன்றாகக் காணாமல் போகின்றன.

தெருவிளக்கும் குப்பை வண்டியும் பராமரிப்புக் குறைகள். இருக்கிற ஆளையும் இருக்கிற நிதியையும் கொண்டு செய்ய வேண்டியவை. இவற்றுக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் சபை வரை காத்திருக்கக் கூடாது. சென்னை என்றால் 1913, மற்ற ஊர்கள் என்றால் அந்தந்த மாநகராட்சியின் புகார் எண் அல்லது முதலமைச்சரின் உதவி மையம் 1100 ஆகியவற்றில் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் எண்ணையும் சேர்த்துச் சொன்னால் பணியாளர் தேடி அலைய வேண்டியதில்லை. பதிவு செய்தும் தீராதவற்றை மட்டும், புகார் எண்ணோடு சபையில் எழுப்புங்கள். அப்போது சுகாதார ஆய்வாளரோ பொறியாளரோ ‘இப்போதுதான் கேள்விப்படுகிறேன்’ என்று சொல்ல முடியாது.

வடிகால் இணைப்பு அப்படியல்ல. அது ஒரு புதிய பணி. அதற்குச் செலவு மதிப்பீடு தயாரிக்க வேண்டும், நிர்வாக அனுமதியும் தொழில்நுட்ப அனுமதியும் பெற வேண்டும், மாமன்றத்தின் ஒப்புதல் வேண்டும், ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும், அதன் பிறகே பணி ஆணை. கூட்டத்தில் உதவிப் பொறியாளர் தலையசைப்பதால் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிகூட நகராது. அவருக்கு அந்த அதிகாரமும் இல்லை. அவரால் செய்யக்கூடியது, இடத்தைப் பார்த்து, மேடு பள்ளத்தை அளந்து மட்டம் எடுத்து, மதிப்பீட்டை மேலே அனுப்புவது. எனவே அவரிடம் ‘வடிகால் எப்போது வரும்’ என்று கேட்பதைவிட ‘மதிப்பீட்டை எந்தத் தேதிக்குள் அனுப்புவீர்கள்’ என்று கேட்பது அவர் பதில் சொல்லக்கூடிய கேள்வி.

சட்ட எடையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1992-இல் நிறைவேறி 1993 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசமைப்புத் திருத்தம், மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை கொண்ட நகராட்சி அமைப்புகளில் வார்டு குழுக்கள் வேண்டும் என்று 243-எஸ் பிரிவில் சொல்லியது. தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் 2010-இல் சட்டத்தில் இடம் தரப்பட்டாலும், விதிகள் வந்தது 2022-இல்தான். அதற்கு இடையில், 2016 முதல் 2022 வரை நகர்ப்புற உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. தனி அலுவலர்களின் நிர்வாகம்தான் நடந்தது. 2022 பிப்ரவரியில் தேர்தல் முடிந்து, அந்த ஆண்டின் நவம்பர் 1-ஆம் தேதி, உள்ளாட்சிகள் தினத்தன்று பகுதி சபைகள் கூடத் தொடங்கின. சென்னையில் மட்டும் 200 வார்டுகளில், வார்டுக்குப் பத்து பகுதிகளாக 2,000 சபைகள்.

இந்த அமைப்பில் சபையின் வேலை பரிந்துரைப்பது. தங்கள் பகுதியில் குடிநீர்க் குழாய், விளக்கு, சுகாதாரம் போன்றவற்றில் உள்ள குறைபாடுகளைக் கண்டறிவதும், வளர்ச்சிப் பணிகளில் எது முதலில் வேண்டும் என்று வரிசைப்படுத்தி வார்டு குழுவுக்கு அனுப்புவதும் அதன் கடமை. வார்டு குழுவுக்கு வார்டு உறுப்பினரே தலைவர். அங்கிருந்துதான் கோரிக்கை மாமன்றம் நோக்கிப் போகிறது. ஆகவே சபைக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் முன்னுரிமை சொல்லும் உரிமை இருக்கிறது. அந்த உரிமையை எழுத்தில் பயன்படுத்தினால்தான் அது உரிமை.

வடிகாலைப் பற்றிக் கூடுதலாக ஒன்று. தெருமுனையில் பணி நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் எல்லை மாறுவதே. பிரதான சாலை நெடுஞ்சாலைத் துறையினுடையதாக இருக்கலாம். உபரிநீர் வாய்க்கால் நீர்வளத் துறையினுடையதாக இருக்கலாம். சாலையைக் குறுக்கே வெட்டக் கூட மாநகராட்சி இன்னொரு துறையிடம் அனுமதி பெற வேண்டியிருக்கும். ஒப்பந்தக்காரர் தனக்குக் கொடுத்த நீளத்தை முடித்துவிட்டுப் போயிருப்பார். இணைப்பு கேட்பதற்கு முன், வாய்க்காலின் அடிமட்டம் உங்கள் வடிகாலின் அடிமட்டத்தைவிடத் தாழ்வாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மேடாக இருந்தால், இணைத்த பிறகு வாய்க்கால் தண்ணீர் உங்கள் தெருவுக்குள் வரும். இப்போது இருப்பதைவிட மோசமாகும். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டு உயர்த்திய தெருக்களில் இந்த மட்டக் கணக்கு முற்றிலும் குலைந்து போயிருப்பதை என் பணிக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கழிவுநீர் இணைப்பு விஷயத்தில் சென்னைக்கும் மற்ற ஊர்களுக்கும் வேறுபாடு உண்டு. சென்னையில் கழிவுநீர் தனி வாரியத்தின் பொறுப்பு. மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. மற்ற மாநகராட்சிகளில் இரண்டும் பெரும்பாலும் மாநகராட்சியின் கையிலேயே இருப்பதால், உங்களுக்கு ஒரு வாசற்படி குறைவு. பாதாள சாக்கடை இன்னும் வராத பகுதி என்றால், குழாயை அடைப்பதோடு மட்டும் தீர்வு வராது; அந்த வீட்டுக்காரர்கள் கழிவுநீரை எங்கே விடுவார்கள் என்பதற்கும் விடை வேண்டும்.


பதில்: சந்து வீட்டு வாடகைதாரர்

பொறியாளர் அய்யா சொன்ன நடைமுறைகள் பயனுள்ளவை. ஆனால் ‘முன்னுரிமை’ என்ற இடத்தில் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். யாருடைய முன்னுரிமை?

எங்கள் பகுதியில் சபை நடக்கும் நேரம் காலை பதினொரு மணி. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், தூய்மைப் பணியாளர்கள் எவரும் அந்த நேரத்தில் வர முடியாது. வருகிறவர்கள் பெரும்பாலும் சொந்த வீடு உள்ளவர்களும் ஓய்வு பெற்றவர்களும். அவர்கள் கேட்பது தவறு என்று சொல்லவில்லை. பூங்காவும் கண்காணிப்புக் கேமராவும் தேவைதான். ஆனால் எங்கள் சந்தில் பொதுக்குழாயைச் சுற்றித் தளம் இல்லாமல் சேறாகிக் கிடப்பதையும், பாசி பிடித்த கல்லின் மேல் ஒற்றைக் காலை வைத்துக் குடத்தைத் தூக்க வேண்டியிருப்பதையும் அந்த மேடையில் ஒருவரும் சொன்னதில்லை. ஏனென்றால் அங்கே வந்தவர்களில் ஒருவரும் அந்தக் குழாயில் தண்ணீர் பிடிப்பதில்லை.

வாடகைக்கு இருப்பவர்களுக்குப் பேச உரிமை உண்டா என்ற தயக்கமும் எங்களிடம் இருக்கிறது. அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எவரும் சபையின் உறுப்பினர்; வீட்டின் உரிமையாளரா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. பலருடைய பெயர் இன்னும் சொந்த ஊர்ப் பட்டியலில் இருப்பதால் அவர்கள் தாங்களாகவே ஒதுங்கிவிடுகிறார்கள். பெயரை மாற்றிக்கொள்ளச் சொல்லிக் குடியிருப்போர் சங்கங்கள் சந்து சந்தாகப் போய் உதவினால், அது சபைக்குச் செய்யும் பெரிய தொண்டாக இருக்கும்.

கீழத்தெருவாசி அண்ணனுக்கு என் கோரிக்கை இதுதான். வடிகால் மனுவை எழுதும்போது தெருவின் தாழ்ந்த கோடியில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்து, அவர்களிடம் முதலில் கேளுங்கள். தண்ணீர் எந்த மணிக்கு ஏறுகிறது, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எத்தனை நாள் நிற்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும். அவர்களை விட்டுவிட்டு எழுதும் மனுவில் மேட்டு வீட்டுக்காரர்களின் வாசல் மட்டும்தான் காப்பாற்றப்படும். கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு மேல் வைக்கச் சொல்லி ஒரு தீர்மானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.


பதில்: தகவல் உரிமை ஆர்வலர்

சொன்னதைப் பதிவு செய்யும் பொறுப்பைப் பற்றி எழுதுகிறேன். கூட்டம் நடந்தால் அதற்கு நடவடிக்கைக் குறிப்பு இருந்தாக வேண்டும். அழைப்பிதழின் பின்பக்கக் குறிப்பு பதிவேடு ஆகாது. எனவே கூட்டம் தொடங்கியதும் முதல் வேண்டுகோளாக, சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை வாசிக்கச் சொல்லுங்கள். சண்டைக் குரலில் கேட்க வேண்டியதில்லை. கிராம சபையில் இருந்து பழகியவர்களுக்கு இது புதிதும் அல்ல. குறிப்பு இல்லை என்றால், இல்லை என்பதையே அன்றைய குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். கூட்டம் கலையும் முன் தீர்மானங்களை உரக்க வாசித்து, வந்தவர்கள் கையொப்பமிட்ட பிறகு அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 4(1)(பி) பிரிவு, பொது அதிகார அமைப்புகள் தாமாகவே வெளியிட வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது. அவற்றில் ஒன்று, அந்த அமைப்பின் குழுக்கள், மன்றங்கள் பற்றிய விவரமும், அவற்றின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, அவற்றின் நடவடிக்கைக் குறிப்புகளை மக்கள் பார்க்கலாமா என்பதும். எனவே குறிப்பைக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. கொடுக்க மறுத்தால் ஆறாவது பிரிவின்படி பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதிப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்புங்கள். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ வந்த பதில் நிறைவு தராவிட்டாலோ அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

மனுவில் ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்காதீர்கள். காரணம் கேட்கும் கேள்விகளைத் திருப்பி அனுப்புவது எளிது. ஆவணத்தைக் கேளுங்கள்: இந்தத் தேதியில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பின் நகல், அதன் மீது வார்டு குழு எடுத்த முடிவின் நகல், முன்பு கட்டிய வடிகாலின் மதிப்பீடு, வரைபடம், செய்த வேலையின் அளவுகளைக் குறித்து வைக்கும் அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்கள். பொறியாளர் அய்யா சொன்ன ‘கொடுத்த நீளம்’ எவ்வளவு என்பது அந்த மதிப்பீட்டில் எழுதியிருக்கும். வாய்க்கால் வரை கட்டுவதாக மதிப்பீட்டில் இருந்து, தெருமுனையோடு வேலையை முடித்துப் பணத்துக்கான பட்டியலையும் போட்டிருந்தால் விஷயமே வேறு.

பலருக்குத் தெரியாத இன்னொரு வழியும் இருக்கிறது. அதே சட்டத்தின் 2(ஜெ) பிரிவு, ஆவணங்களை மட்டுமன்றிப் பணியையே நேரில் ஆய்வு செய்யவும், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. புதிதாகப் போடும் சாலை, வடிகால் ஆகியவற்றுக்கு இது மிகவும் உதவும். ஆனால் எடுத்த எடுப்பிலேயே இதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. உதவிப் பொறியாளர் ஒருவர் பல வார்டுகளைச் சுமக்கிறார். முதல் நாளே தகவல் உரிமை மனுவோடு எதிரே நின்றால் அவர் எழுத்தளவில் மட்டுமே பேசத் தொடங்குவார். பேச்சு உண்மையாகவே நின்றுபோன பிறகு இதைக் கையில் எடுங்கள்.


கேள்வி கேட்டவர்: கீழத்தெருவாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சந்து வீட்டுச் சகோதரி சொன்னதைப் படித்த பிறகு, நேற்று மாலை தெருவின் தாழ்ந்த பக்கத்துக்குப் போய்ப் பேசினோம். தண்ணீர் வடிகாலிலிருந்து மட்டும் ஏறவில்லை, பிரதான சாலையிலிருந்தும் தெருவுக்குள் இறங்குகிறது என்று அங்கே தெரிவித்தார்கள். மேட்டுப் பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு இது தெரியாது. சாலை மட்டத்தைப் பற்றிப் பொறியாளர் அய்யா எழுதியது இதனோடு பொருந்துகிறது.

இன்னும் இரண்டு ஐயங்கள். வார்டில் மற்ற பகுதிகளும் இதே போன்ற கோரிக்கைகளோடு வரும்போது, எங்களுடையதை வார்டு உறுப்பினர் ஏன் முன்னே எடுக்க வேண்டும்? நெடுஞ்சாலைத் துறையும் நீர்வளத் துறையும் பகுதி சபைக்கு வருவதே இல்லை; அவர்களை எப்படி உள்ளே கொண்டுவருவது?


பதில்: முன்னாள் வார்டு உறுப்பினர்

மேசையின் அந்தப் பக்கத்தில் அமர்ந்திருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். நான் இருந்தது ஒரு நகராட்சி மன்றத்தில். மகளிர் வார்டில் வெற்றி பெற்றுச் சென்றேன். 2016-இல் செய்த சட்டத் திருத்தத்தால் இப்போது தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடங்கள். ஆகவே உங்கள் வார்டு உறுப்பினரும் ஒரு பெண்ணாக இருக்கக்கூடும். அப்படி இருந்தால், அவருடைய கணவரிடமோ உறவினரிடமோ மனுவைக் கொடுக்காமல் அவர் கையிலேயே கொடுங்கள், அவரிடமே பேசுங்கள். நான் முதல் கூட்டங்களில் வாய் திறக்கத் தயங்கியபோது, மக்கள் என்னைப் பார்த்துக் கேட்டதுதான் எனக்குப் பேச்சைக் கற்றுக்கொடுத்தது.

உறுப்பினரின் நிலையும் கடினம்தான். மதிப்பீட்டில் கையெழுத்திடும் அதிகாரம் அவருக்கு இல்லை. மன்றத்தில் எழுந்து கேட்பதும், ஆணையரையும் பொறியாளரையும் தொடர்ந்து பார்ப்பதும்தான் அவருடைய ஆயுதம். அப்படிக் கேட்க எழும்போது கையில் என்ன இருக்கிறது என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். ‘கீழத்தெருவில் தண்ணீர் நிற்கிறது’ என்று மட்டும் சொன்னால், ‘எல்லா வார்டிலும்தான் தண்ணீர் நிற்கிறது’ என்ற பதில்தான் மன்றத்தில் வரும். தெருவின் வரைபடம், தண்ணீர் நின்ற உயரத்தைச் சுவரில் குறித்த படங்கள், பாதிக்கப்பட்ட வீடுகளின் கதவு எண்கள், சபையின் தீர்மானம், இணைக்க வேண்டிய தொலைவு எத்தனை மீட்டர் என்ற அளவு ஆகியவை இருந்தால் ‘மதிப்பீடு தயாரிக்க ஆவன செய்க’ என்று குறிப்பு எழுத வைக்கலாம். மற்ற பகுதிகளோடு போட்டி போடுவதைவிட, உங்கள் தெருத் தண்ணீர் அடுத்து எந்தத் தெருவுக்குள் போகிறதோ அந்தப் பகுதி சபையையும் இதே தீர்மானத்தை நிறைவேற்றச் சொல்லுங்கள். இரண்டு பகுதிகள் ஒன்றாகக் கேட்டால், உறுப்பினருக்கு அதை முதலில் வைக்கக் காரணம் கிடைக்கிறது.

காலத்தையும் கவனியுங்கள். மன்றத்தில் வரவு செலவுத் திட்டம் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வைக்கப்படுகிறது. அதற்கான பணிப் பட்டியல் அதற்கு முன்பே உருவாகிவிடும். மழைக்காலத்தில் கோபத்தோடு கேட்டுவிட்டுத் தை பிறந்ததும் மறந்துவிடுகிறோம். அலுவலகத்தில் பட்டியல் எழுதும் நேரம் அதுதான். செலவில் ஒரு பகுதியை மக்களே ஏற்கும் ‘நமக்கு நாமே’ திட்டமும் இருக்கிறது. குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மக்களுடையதாக இருக்க வேண்டும். பூங்கா, பள்ளிச் சுற்றுச்சுவர் போன்றவற்றுக்கு அது ஏற்றது. வடிகால் போன்ற அடிப்படைப் பணிக்குத் தாழ்ந்த பக்கத்துக் குடும்பங்களிடம் பணம் திரட்டச் சொல்வதை நான் ஆதரிக்க மாட்டேன். வரி செலுத்துகிறவர்களுக்கு அது மாநகராட்சி செய்ய வேண்டிய கடமை.

மற்ற துறைகளைச் சபைக்கு வரவழைப்பது உங்களாலும் உறுப்பினராலும் இயலாது. அதற்கு இரண்டு வாசல்கள். ஒன்று, ஆணையர் வழியாக அந்தத் துறைகளுக்குக் கடிதம் எழுத வைத்து, இடத்திலேயே கூட்டு ஆய்வு நடத்தக் கேட்பது. மற்றொன்று, திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். ஆட்சியர் அங்கே எல்லாத் துறை அலுவலர்களையும் ஒரே கூடத்தில் வைத்திருப்பதால், ஒரே மனுவை மூன்று துறைகளுக்கும் குறித்து அனுப்ப அவரால் முடியும். மனு கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். சில வாரம் கழித்து ந.க. எண்ணை, அதாவது அலுவலகத்தில் உங்கள் மனுவின் கோப்புக்குத் தரும் எண்ணை, கேட்டு வாங்குங்கள். அந்த எண் இருந்தால் பொறியாளர் மாறினாலும் கோப்பு மாறாது.

கூட்டு ஆய்வு முடிவானால் அதைப் புரட்டாசிக்கு முன்பே வைத்துக்கொள்ளப் பாருங்கள்; வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அந்த அலுவலர்கள் அனைவரும் வெள்ளப் பணிக்குப் போய்விடுவார்கள். வாய்க்காலை ஒட்டி வீடு கட்டியிருப்பவர்களையும் அன்று உடன் அழைத்துச் செல்லுங்கள். வடிகால் தங்கள் வீட்டோரம் போனால் அடித்தளத்துக்கு என்ன ஆகும் என்ற அச்சம் அவர்களுக்கு நிச்சயம் இருக்கும். அதைப் பொறியாளர் முன்னிலையிலேயே பேசித் தெளிவாக்காவிட்டால், பள்ளம் தோண்டிய அன்று தகராறு எழும். ஒப்பந்தக்காரர் மறுபடியும் தெருமுனையோடு நிறுத்திக்கொள்வார்.